பல்லப் பிடிச்சுப் பாரு பேராண்டி

துண்டுக்குள்ள கைய விட்டு வெல பேசுன தரகன் எவனாச்சும் மருதையில மிச்சம் இருக்கானான்னு தேடுனீங்கன்னா, ஒத்தக்கடை டீக்கடை பெஞ்சுல ஒக்காந்து ஓசிப் பேப்பர் படிச்சுக்கிட்டு இருக்கிற கெழவனக் கேளுங்க. அது நான்தான். இன்னிக்கு நீங்க ஆம்னி பஸ்ஸுக்குக் காத்துக் கெடக்குற மாட்டுத்தாவணி, ஒரு காலத்துல மாட்டுச் சந்தை கூடுன எடம். 1999-ல பஸ் ஸ்டாண்டு வந்துச்சு. எம்.ஜி.ஆர். பேரையும் வச்சாங்க. கண்டக்டரு மட்டும் இன்னமும் 'மாட்டுத்தாவணி, மாட்டுத்தாவணி'ன்னுதான் தொண்டை கிழியக் கத்துறாரு. 2004-ல ஐகோர்ட்டுக் கிளை வந்துச்சு. பூ மார்க்கெட்டு, காய்கறி மார்க்கெட்டு, இலந்தைக்குளத்துல ஐ.டி. பார்க்குன்னு சுத்திச் சுத்தி எல்லாம் வந்துருச்சு. "மாட்டத்தான் தாத்தா காணோம்"னான் எம் பேரன்.

மாடு எங்கயும் போகலடா, கையில போன வச்சுக்கிட்டு பிளாட்பாரத்துல நிக்குதுன்னேன்.

மொறச்சான். மொறைக்கட்டும். ஐ.டி. பார்க்குல வேல பாக்குற பய, தாத்தன் சொன்னா ஒடனே ஒத்துக்கிட்டா அவன் படிச்ச படிப்புக்கு மரியாத இல்லல்ல.

அவனுக்குச் சொன்னத உங்களுக்கும் சொல்றேன். சந்தையில தரகன் எப்படி வெல பேசுவான்னு பாத்திருக்கீங்களா? தோள்ல கெடக்குற துண்ட எடுத்து விக்கிறவன் கை மேல போடுவான். உள்ள விரலப் பிடிப்பான். ஒரு விரலுக்கு ஒரு கணக்கு, ரெண்ட அமுக்குனா வேற கணக்கு. மூஞ்சியில ஒண்ணும் தெரியாது. வாயி பாட்டுக்கு மழை பெய்யாததப் பத்திப் பேசிக்கிட்டு இருக்கும், துண்டுக்குள்ள ஆயிரக்கணக்குல ஏறி எறங்கும். பொறவு அதே துண்டு வாங்குறவன் கைக்குப் போகும். சுத்தி நிக்கிறவனுக்கு ஒரு எழவும் புரியாது. விக்கிறவனுக்கு ஒரு வெல, வாங்குறவனுக்கு ஒரு வெல, நடுவுல நிக்கிறது தரகனுக்கு. யோக்கியமான தொழிலுன்னு நான் சொல்ல வரல. செஞ்சவனுக்குத் தெரியாதா.

ஆனா ஒண்ணு. வெலதான் துண்டுக்குள்ள இருந்துச்சு, மாடு வெயில்ல நின்னுச்சு. வாயத் தொறந்து பல்ல எண்ணலாம். பால் பல்லு விழுந்து ரெண்டு பல்லு போட்டிருந்தா ரெண்டு, ரெண்டர வயசு. எட்டும் சேந்து கடை போட்டுருச்சுன்னா அஞ்சு வயசு. சுழி பாக்கலாம், கோபுரச் சுழியா பாடைச் சுழியான்னு. நாலு தப்படி நடக்கவிட்டுப் பாக்கலாம், கறந்து பாக்கலாம், வால முறுக்கிப் பாக்கலாம். பாத்துட்டு, 'சுழி சரியில்லப்பா'ன்னு துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு நடையக் கட்டலாம்.

இப்ப நடக்குற யாவாரத்துல வெலையும் துண்டுக்குள்ள, சரக்கும் துண்டுக்குள்ள. வெளிய தெரியிறது ஒன் பல்லு மட்டும்தான் பேராண்டி.

தீவாளிக்கு வந்துட்டு மெட்ராஸ் திரும்பணும்னு எம் பேரனோட கூட்டாளி ஒருத்தன் எங்க வீட்டுத் திண்ணையில ஒக்காந்து டிக்கெட்டுப் போட்டான். நான் பக்கத்துல ஒக்காந்து எட்டிப் பாத்துக்கிட்டு இருந்தேன். எந்தக் கம்பெனின்னு சொல்ல மாட்டேன், எல்லா வீட்டுலயும் அதே கொழம்புதான். மொத ஒரு வெல காட்டுச்சு. பய கண்ணு மலந்துச்சு, பரவால்லயேன்னான். சீட்டத் தொட்டான். 'இன்னும் 2 சீட்டு மட்டுமே', செவப்பு எழுத்துல. கீழ, 'இப்போது 34 பேர் இந்தப் பேருந்தைப் பார்க்கிறார்கள்'. யார்றா அந்த 34 பேருன்னேன், தெரியாதுன்னான். ஓரத்துல ஒரு கடியாரம் வேற எட்டு நிமிசத்துலருந்து பின்னாடி ஓடுது. எதுக்கு ஓடுதுன்னேன், அதுவும் தெரியாது. ஆனா வெரலு மட்டும் வேகமாப் போகுது. அடுத்த பக்கத்துல இன்சூரன்ஸ் காசு தன்னால ஏறி ஒக்காந்திருக்கு. அத எடுன்னேன். தேடிக் கண்டுபிடிச்சு எடுத்தான். ஒடனே போன் கேக்குது, 'ஆமாம், நான் பாதுகாப்பில்லாமல் பயணிக்கவே விரும்புகிறேன்' அப்படின்னு ஒத்துக்கிறியான்னு. ஏன்டா, பஸ்ஸுல ஏறுறதுக்கு முன்னாடியே சாபமாடான்னேன். கடைசியில 'வசதிக் கட்டணம்'னு ஒரு காசு. யாருக்கு வசதின்னு மட்டும் போடல. மொதல்ல காட்டுன வெலைக்கும் கட்டுன வெலைக்கும் நடுவுல ஒரு குடும்பம் கோனார் கடையில கறி தோசை தின்னுட்டு வந்துரலாம்.

"இதுக்குப் பேரு யூசர் எக்ஸ்பீரியன்ஸ் தாத்தா"ன்னான் எம் பேரன். எங்க சந்தையில இதுக்கு வேற பேரு. பொம்பளப் புள்ளைக படிக்கிற பத்திரிகையில அத எழுத முடியாது.

நான் மட்டும் பொலம்பல. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ல இந்தத் தில்லாலங்கடி வேலைய 13 வகையாப் பிரிச்சு, எதுவும் செய்யக்கூடாதுன்னு வழிகாட்டு நெறிமுறை போட்டுருக்கு. பொய்யா அவசரப்படுத்துறது ஒரு வகை. கேக்காத சாமானக் கூடையில நைசாப் போடுறது ஒரு வகை. வேணாம்னு சொல்றவனக் கூச வைக்கிறது, வெலையக் கொஞ்சங் கொஞ்சமா ஒழுகவிடுறது, சேர்றதுக்கு ஒரு பட்டனும் வெளியேறுறதுக்கு ஒன்பது வாசலும் வைக்கிறதுன்னு அந்தப் பட்டியல் போகுது. படிச்சப்ப எனக்குக் கொஞ்சம் பெருமையாக்கூட இருந்துச்சு. 13-ல பாதிய நாங்க படிக்காமயே செஞ்சிருக்கோம்.

வெல ஏறுறது குத்தமான்னு கேப்பீங்க. குத்தமே இல்ல. நம்ம பூ மார்க்கெட்டுக்கு வெள்ளன போய்ப் பாருங்க. முகூர்த்த நாள்னா மல்லி வெல மரம் ஏறும், மறுநா முட்டிக்குக் கீழ எறங்கும். ஆனா அந்த நேரத்துல அங்க நிக்கிற அம்புட்டுப் பேரு காதுலயும் ஒரே வெலதான் விழும். நீ செருப்புப் போட்டு வந்தியா, ஷூ போட்டு வந்தியான்னு பாத்து யாவாரி தொண்டைய மாத்த மாட்டான். போனுக்குள்ள அப்படியான்னு தெரியல. ஐபோன் வச்சிருக்கிறவனுக்கு ஒரு வாடகை, ஆண்ட்ராய்டு வச்சிருக்கிறவனுக்கு ஒரு வாடகைன்னு ஜனங்க பொகார் பண்ணித்தான் 2025 ஜனவரியில ஓலாவுக்கும் ஊபருக்கும் அதே ஆணையம் நோட்டீஸ் விட்டுச்சு. நாங்க போனப் பாத்து வெல போடலன்னு ரெண்டு கம்பெனியும் சொல்லிருச்சு. சரி, இருக்கட்டும். எதப் பாத்துப் போடுறீங்கன்னா மட்டும் அது கம்பெனி ரகசியம். துண்டுக்குள்ள என்ன இருக்குன்னு கேட்டா, 'ஒங்க மாடு நல்ல மாடு'ன்னு பதில் சொல்றது எங்க பழைய பழக்கம்.

இதெல்லாம் நீ வாங்கப் போற எடத்துல. ஒன்னய விக்கிற எடம் இன்னொண்ணு இருக்கு.

பேரன்தான் ஒரு நா வெளக்குனான். அவனுக்கே அது வெளையாட்டு மாதிரி இருந்துச்சு, எனக்குத்தான் வேர்த்துச்சு. நீ செய்தி படிக்கலாம்னு ஒரு பக்கத்தத் தொறக்குறியாம். அது தொறக்குறதுக்குள்ள, கண்ண மூடித் தொறக்குற நேரத்துக்குள்ள, ஒரு ஏலம் நடந்து முடிஞ்சுருதாம். இந்த ஆளு மருதைக்காரன், முட்டி வலின்னு நேத்துத் தேடுனான், பேத்திக்குக் கொலுசு பாத்தான், இவன் கண்ணு முன்னால வெளம்பரம் காட்ட எவன் எம்புட்டுத் தருவான்னு. ஜெயிச்சவன் தைலம் காட்டுவான். நான் பக்கத்தப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள பத்துத் தடவ வித்துட்டாய்ங்க. எம் மேல போட்ட துண்டு எனக்கே தெரியல.

அந்தச் சந்தையில தரகு யாருன்னு கேட்டேன். வெளம்பர எடத்த விக்கிற பத்திரிகைக்காரனுக்குத் தரகு கூகுள். வெளம்பரம் வாங்குறவனுக்கும் அதே வீட்டு ஆளு தரகு. ஏலம் நடக்குற சந்தையோட குத்தகையும் அவய்ங்க கையில. எனக்குச் சிரிப்புத் தாங்கல. எங்க ஊருல ஒருத்தன் ரெண்டு பக்கமும் தரகு வாங்குனாலே வேப்ப மரத்துல கட்டிப் போட்டுருவாய்ங்க. அமெரிக்காவுலயும் கேஸு நடந்துச்சு. 2025 ஏப்ரல் 17-ல வர்ஜீனியாவுல லியோனி பிரிங்கெமான்னு ஒரு நீதிபதியம்மா, விக்கிறவன் பக்கத்துக் கருவியிலயும் ஏலச் சந்தையிலயும் கூகுள் சட்டத்துக்கு விரோதமா ஏகபோகம் நடத்துதுன்னு தீர்ப்புச் சொன்னாங்க. அதே வருசம் செப்டம்பர்ல ஐரோப்பாக்காரங்க 295 கோடி யூரோ அபராதம் போட்டாங்க. கம்பெனி அப்பீலுக்குப் போகுது. போகட்டும். வேப்ப மரம் ஒண்ணு அங்கயும் இருக்குன்னு தெரிஞ்சதுல ஒரு சந்தோசம்.

'தானம் குடுத்த மாட்டப் பல்லப் பிடிச்சுப் பாக்காத'ன்னு ஒரு பழமொழி இருக்கே, அத எழுதுனவன் மாடு தானம் குடுத்தவனாத்தான் இருக்கணும். வாங்குனவன் எழுதியிருக்க மாட்டான். காசு குடுத்து வாங்குற மாட்ட நாலு பேரு பாப்பாய்ங்க, ஓசி மாட்ட எவனும் பாக்க மாட்டான். அதுனால அதத்தான் மொதல்ல வாயத் தொறந்து பாக்கணும். 2015 பிப்ரவரியில ஃபேஸ்புக்குக்காரங்க ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் கூடச் சேந்து ஏழைகளுக்கு ஓசி இன்டர்நெட்டுன்னு ஒண்ணு கொண்டுவந்தாங்க. மொதல்ல எறக்குன ஆறு மாநிலத்துல தமிழ்நாடும் ஒண்ணு. ஓசிதான், ஆனா அவங்க பொறுக்கி வச்ச சில பக்கம் மட்டும்தான் தொறக்கும். மிச்ச ஒலகத்தப் பாக்கணும்னா காசு. பொறவு 'ஃப்ரீ பேசிக்ஸ்'னு பேர மாத்தி, பேப்பர் பேப்பராப் பக்கம் பக்கமா வெளம்பரம் குடுத்தாங்க. ஏழைக்கு ஓசியாக் குடுக்குறவனுக்கு இம்புட்டு வெளம்பரச் செலவு எதுக்குன்னு அப்பவே டீக்கடையில ஒரு பேச்சு ஓடுச்சு. தொலைத்தொடர்ப மேய்க்கிற டிராய் ஆணையம் விடல. 2016 பிப்ரவரி 8-ல, எந்தப் பக்கத்தப் பாக்குறங்கிறத வச்சு ஆளுக்கொரு கட்டணம் போடக்கூடாதுன்னு விதி போட்டு மூட்டையக் கட்ட வச்சுருச்சு. படிச்ச பயலுக லட்சக்கணக்குல மனுப் போட்டுத்தான் அது நடந்துச்சு. அவய்ங்க அன்னிக்குப் பல்லப் பிடிச்சுப் பாத்தாய்ங்க.

போன விடு, இப்ப மலைக்கு வா.

எங்க மேலூர் ரோட்டுல வடகெழக்க போனா அரிட்டாபட்டி. 2022 நவம்பர்ல தமிழ்நாட்டுலயே மொத பல்லுயிர் பாரம்பரியத் தலம்னு அரசாங்கமே பட்டயம் குடுத்த எடம். ஏழு குன்று, 72 ஏரி, 200 சுனை, 250 வகைப் பறவைன்னு எண்ணி எழுதி வச்சது ஊர்க்காரன் இல்ல, அரசாணை. எண்ணி முடிச்சு ரெண்டே வருசம். 2024 நவம்பர் 7-ல டெல்லியில சுரங்க அமைச்சகம் ஏல முடிவ வெளியிடுது. நாயக்கர்பட்டி டங்ஸ்டன் பிளாக், 2,015 ஹெக்டேர் சொச்சம், நம்ம கணக்குல கிட்டத்தட்ட 5,000 ஏக்கர். எடுத்தது ஹிந்துஸ்தான் ஜிங்க், வேதாந்தா வீட்டுப் புள்ள. அந்தப் பட்டயம் வாங்குன எடமும் அதுக்குள்ளதான் வருது. ஏலம் கம்ப்யூட்டர்ல நடந்துச்சு, வெளிப்படைத் தன்மையோடன்னாங்க. வெளிப்படைதான். மலைக்குக் கீழ ஆடு மேய்க்கிற கெழவி ஒருத்தி கம்ப்யூட்டரத் தொறந்து, சுரங்கப் பக்கத்துக்குப் போயி, எந்தப் பிளாக்குன்னு தேடி, வரைபடத்த எறக்கிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்ல. அவ பாக்கலன்னா அது அரசாங்கத்தோட குத்தமா?

மாட்டுக்காரனுக்குத் தெரியாம மாட்ட வித்த கதை நான் சந்தையில கேட்டது இல்ல. மலைய அப்படி வித்துட்டாய்ங்க.

பொறவு நடந்ததுதான் வேடிக்கை. தமிழ்நாட்டு அரசு ஒண்ணும் ஆட்சேபம் சொல்லலன்னு டெல்லி சொல்லுச்சு. 2023 அக்டோபர்லயே வேணாம்னு கடுதாசி போட்டோம்னு சென்னை சொல்லுச்சு. ரெண்டு பேரு கடுதாசியும் ரெண்டு பேரு பீரோவுல இருந்துச்சு. அரிட்டாபட்டிக்காரன் வீட்டுக்கு ஒண்ணும் வரல. அவன் பேப்பரப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டான். தெரிஞ்ச ஒடனே சும்மா இருக்கல. ஊர் ஊரா கிராமசபையில தீர்மானம் போட்டாங்க. டிசம்பர் 9-ல சட்டசபையில தீர்மானம் வந்துச்சு. 2025 ஜனவரி 7-ல நரசிங்கம்பட்டியிலருந்து தல்லாகுளம் தபால் ஆபீஸ் வரைக்கும் சனம் கொள்ளக் கூட்டமா நடந்துச்சு. கைப்புள்ளக்காரி, மேலுக்கு முடியாத கெழடு கட்டைன்னு இந்த ரோட்டுல நான் பாத்த பெரிய கூட்டம் அது. ஜனவரி 23-ல ஏலம் ரத்து.

இதுல நீங்க கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. சனம் தெரிஞ்சுக்கிட்டதுலருந்து ரத்தாகுற வரைக்கும் ரெண்டர மாசந்தான் ஆச்சு. அப்ப தெரியாம வச்சிருந்ததோட வெல என்னன்னு நீங்களே கணக்குப் போட்டுக்கங்க.

அதே மலைத் தொடர்ல மீனாட்சிபுரம் பக்கத்துல மாங்குளம்னு ஒரு எடம். குகைக்கு மேல தமிழி எழுத்து, ரெண்டாயிரம் வருசத்துக்கு மேல ஆச்சு. சமண முனிவருக்குப் படுக்கை வெட்டிக் குடுத்தது யாரு, நெடுஞ்செழியனோட ஆளு யாரு, வெள்ளறை நிகமத்தாரு என்ன செஞ்சாங்கன்னு வெட்டி வச்சிருக்கு. நிகமம்னா யாவாரிக கூட்டம், அந்தக் காலத்துக் கம்பெனி. கம்பெனி நன்கொடை குடுத்தா, குடுத்தவன் பேரும் வாங்குனவன் பேரும் மலை மேல, போறவன் வர்றவன் பாக்குற மாதிரி. தகவல் உரிமை (ஆர்.டி.ஐ.) மனு வேணாம், கொஞ்சம் மூச்சு வாங்க ஏறுனாப் போதும்.

இப்ப நம்ம காலத்துக் கம்பெனி நன்கொடையப் பாருங்க. 2018-லருந்து தேர்தல் பத்திரம்னு ஒண்ணு வித்தாங்க, ஸ்டேட் பாங்குல மட்டும். வாங்குனவன் பேரு வெளிய தெரியக்கூடாது. பத்திரத்துல ஒரு ரகசிய நம்பர் வேற, புற ஊதா வெளக்குல காட்டுனாத்தான் தெரியும். என் துண்டாவது பருத்தித் துண்டு! மொத்தம் 16,518 கோடி ரூவாய்க்கு வித்துச்சு. சுப்ரீம் கோர்ட்டு 2024 பிப்ரவரி 15-ல, இது ஓட்டுப் போடுறவன் தெரிஞ்சுக்கிற உரிமைக்கு விரோதம்னு ரத்து பண்ணி, விவரத்தக் குடுன்னுச்சு. நாட்டுலயே பெரிய பாங்கு, ஊருக்கு ஊரு கம்ப்யூட்டரு, எங்க வீட்டுக் கெழவியோட பென்சன்ல அஞ்சு ரூவா கொறைஞ்சா நிமிசத்துல கண்டுபிடிக்கிற பாங்கு, ஜூன் 30 வரைக்கும் டயம் வேணும்னு கேட்டுச்சு. தேர்தல் எப்பன்னு கேக்காதீங்க, அந்தத் தேதிக்கு முன்னாடி. மார்ச் 11-ல கோர்ட்டு, நாளைக்குக் குடுன்னுச்சு. மறுநா குடுத்துருச்சு! நாலு மாச வேல ஒரு ராத்திரியில முடிஞ்சது. தொழில்நுட்பம் எவ்வளவு வளந்துருச்சு பாத்தீங்களா. எந்தப் பத்திரம் எந்தக் கட்சிக்குன்னு முடிச்சவுக்குற நம்பருக மட்டும், கோர்ட்டு மறுபடி ஒரு தடவ வெரட்டுன பொறவு மார்ச் 21-ல வந்துச்சு.

வெளிய வந்ததும் பாத்தா, அதிகமா வாங்குனது பியூச்சர் கேமிங், கோயம்புத்தூர் லாட்டரிக்காரரோட கம்பெனி, 1,368 கோடி. லாட்டரிய நம்ம மாநிலத்துல 2003-லயே தடை பண்ணியாச்சு. அந்தக் கம்பெனிகிட்டருந்து 509 கோடி வந்துச்சுன்னு தி.மு.க.வே கணக்குக் குடுத்துருந்துச்சு. பத்திரத்துல பெருங்காசு டெல்லியில ஆளுற பா.ஜ.க.வுக்குத்தான். நம்ம வேதாந்தா பேரும் இருந்துச்சு, சுமார் 400 கோடி. நான் ஒண்ணுக்கொண்ணு முடிச்சுப் போடல. முடிச்சுப் போடுற வயசெல்லாம் தாண்டிருச்சு. மாங்குளத்துக் கல்லுல எல்லாப் பேரும் இருக்குன்னு மட்டும்தான் சொன்னேன்.

இப்ப ஆர்.டி.ஐ.க்கு வாரேன். தகவல் உரிமைக்கு நம்ம தமிழ்நாடு எல்லாருக்கும் முன்னாடி 1997-லயே ஒரு சட்டம் போட்டுச்சு. நல்ல சட்டம்தான், குடுக்க வேண்டாத தகவல் பட்டியல்தான் கொஞ்சம் நீளம். 2005-ல நாட்டுக்கே சட்டம் வந்துச்சு. அது டெல்லியில ஏசி ரூமுல பொறந்ததுன்னு நெனைக்காதீங்க. ராஜஸ்தான்ல கூலிக்காரங்க, 'நாங்க வேல செஞ்ச கணக்குப் புத்தகத்தக் காட்டு'ன்னு கேட்டு வந்தது. சென்னையில பொறந்த அருணா ராய் அவங்களோட நின்னாங்க. புத்தகத்தத் தொறந்து ஊர் நடுவுல வாசிச்சா, செத்தவன் பேருல கூலி, கட்டாத கட்டடத்துக்குச் சிமெண்டு. பேரு வாசிச்சதுனாலதான் திருட்டு தெரிஞ்சது. இது நெனப்புல இருக்கட்டும்.

ஏன்னா 2023-ல தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம்னு ஒண்ணு போட்டாங்க. கேட்டதும் நானும் சந்தோசப்பட்டேன், கண்ட கம்பெனிக்காரனும் நம்ம பல்ல எண்ணுறதுக்கு ஒரு முடிவு வந்துருச்சுன்னு. அந்தச் சட்டத்தோட வாலுல, 44-வது பிரிவுல, ஆர்.டி.ஐ.யோட 8(1)(j)-வ மாத்துறதுக்கு ஒரு வரி. முன்னாடி, பொது வேலையோட சம்பந்தம் இல்லாத சொந்த விசயம், இல்லன்னா தேவையில்லாம ஒருத்தர் அந்தரங்கத்துல மூக்க நுழைக்கிற விசயம்னாத்தான் மறுக்கலாம். நாடாளுமன்றத்துக்கு மறுக்க முடியாதத சாமானியனுக்கும் மறுக்கக்கூடாதுன்னு ஒரு வாசகமும் இருந்துச்சு. இப்ப, 'தனிநபர் தகவல்' அம்புட்டுத்தான். பேரு இருந்தா தனிநபர் தகவல். ஒப்பந்தக்காரன் பேரு, கையெழுத்துப் போட்ட அதிகாரி பேரு, கூலி வாங்குனதாச் சொல்ற செத்த ஆளு பேரு. பொதுநலன் பெரிசுன்னு ஆபீசர் நெனச்சாக் குடுக்கலாம்னு 8(2) இன்னமும் இருக்கு. ஆபீசர் நெனைக்கணும்.

இதுக்கு மேலதான் சமாச்சாரம். 2025 நவம்பர்ல விதிகள அறிவிச்சாங்க. கம்பெனிக நம்ம தரவ ஒழுங்கா வச்சுக்கணும், சம்மதம் கேக்கணும், அழிக்கச் சொன்னா அழிக்கணும்கிற பெரிய கடமையெல்லாம் 18 மாசம் கழிச்சு, 2027 மே மாசந்தான். பாவம், அவங்களுக்கு ஏற்பாடு பண்ண அவகாசம் வேணும்ல. ஆர்.டி.ஐ.ய ஒடிச்ச அந்த ஒரு வரி மட்டும் அன்னிக்கே அமல். கம்பெனி என் பல்ல எண்ணுறதுக்கு ஒன்றரை வருசம் தவணை, நான் அரசாங்கத்தோட பல்ல எண்ணுறதுக்கு அன்னிக்கே வாய்ப்பூட்டு. நாப்பது விரலு வச்சிருந்தாலும் துண்டுக்குள்ள இப்படி ஒரு யாவாரத்த நான் முடிச்சிருக்க மாட்டேன்.

இம்புட்டும் கேட்டுட்டு எம் பேரன், "அப்ப என்னதான் பண்ணச் சொல்ற தாத்தா, போனத் தூக்கி வைகையில போடவா"ன்னான். வைகையில தண்ணி இருந்தா யோசிக்கலாம். போன வச்சுக்க. நானும் வச்சிருக்கேன், எளையராசா பாட்டுக் கேக்குறேன், பேத்தி மூஞ்சியப் பாக்குறேன். ஜல்லிக்கட்டுக் காளைக்கே இன்னிக்கு ஆன்லைன்லதான் பதிவு, மாட்டுக் காதுல 12 நம்பர் போட்ட மஞ்ச வில்லை. மாடே ஆதார் வாங்கிருச்சு, நாம ஒதுங்கி எங்க போறது.

ஓடுற கடியாரத்தப் பாத்து வெரல ஓட்டாத. அது எட்டு நிமிசம் முடிஞ்சா மறுபடியும் எட்டுலருந்துதான் ஓடும், திண்ணையில ஒக்காந்து நான் பாத்தேன். கேக்காம ஏறுன காச எறக்கு. ஏமாத்திட்டான்னா 1915-க்கு அடி, தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழ்லயும் பேசலாம்.

கம்பெனிய நேராக் கேக்க ஆர்.டி.ஐ.யில வழி இல்லதான். ஆனா அந்தக் கம்பெனியப் பாத்துக்கிறதுக்குன்னு சம்பளம் வாங்குற அரசாங்க ஆபீஸ் ஒண்ணு எதுக்குமே இருக்கும். சட்டப்படி அந்த ஆபீஸ் கம்பெனிகிட்டருந்து வாங்கக்கூடிய தகவல நீ அந்த ஆபீஸ்கிட்டக் கேக்கலாம், 2(f)-ல இருக்கு. வணிக ரகசியம்பான். எந்த வரி ரகசியம், எந்த வரி ரகசியம் இல்லன்னு பிரிச்சுக் குடுன்னு திருப்பிக் கேளு. ஆளு பேரக் கேட்டாத்தான மறுப்பான், பேர விட்டுட்டு ஆணை நம்பர், தேதி, தொகை, கோப்புக் குறிப்புன்னு கேளு. ஏன் கேக்குறன்னு காரணம் சொல்லவே வேணாம், 6(2). காரணம் சொல்லணும்னு 2014-ல சென்னை ஐகோர்ட்டே ஒரு தீர்ப்புல எழுதி, ஒரு வாரத்துக்குள்ள அத எடுத்துக்கிச்சு.

ஒரு வெள்ளத் தாளு, பத்து ரூவா கோர்ட் ஃபீ ஸ்டாம்பு. ஐகோர்ட்டுக்குப் பக்கத்துல இருந்துக்கிட்டு ஸ்டாம்பு கெடைக்கலன்னு சொல்லாத. வறுமைக்கோட்டுக்குக் கீழ இருந்தா அதுவும் வேணாம். ஸ்பீடு போஸ்ட்டுல போட்டு ரசீதப் பத்திரமா வையி. முப்பது நாளு. பதில் வரலைன்னா இன்னொரு முப்பது நாளுக்குள்ள முதல் மேல்முறையீடு, அதுக்கும் மசியலன்னா தொண்ணூறு நாளுக்குள்ள தகவல் ஆணையம். தாமதம் பண்ணுன அதிகாரிக்கு ஒரு நாளைக்கு 250 ரூவா அபராதம் போடலாம், 25,000 வரைக்கும். அது அவர் கைக்காசு. இந்த ஒரு விசயத்த மனுவுக்குக் கீழ பணிவா ஞாபகப்படுத்தி எழுதிரு. எழுத வரலைன்னா சாயங்காலம் ஒத்தக்கடைப் பக்கம் வா. டீ நீ வாங்கிக் குடுக்கணும்.